டிக்கெட்டுக்கு முன் முகாம்: அரிசோனா பேஸ்பால் பயணம் ஒன்றின் திட்டமும் நடப்பும்

சான் ஹோசேயில் வசிக்கும் ஒரு தம்பதி 2024 அக்டோபரில் எனக்கு ஒரு பயணத் திட்டத்தை அனுப்பினார்கள். அடுத்த மார்ச்சில் பத்து நாள்கள், எட்டு மைதானங்கள், ஒன்பது பேஸ்பால் ஆட்டங்கள். தங்கள் மோட்டார் ஹோமை, அதாவது ஆர்.வி. என்று அழைக்கப்படும் வீட்டு வண்டியை, தினமும் காலையில் ஒரு மைதானத்துக்கு ஓட்டிச் செல்வது, ஆட்டம் பார்ப்பது, மாலையில் அடுத்த மைதானத்தை நோக்கி நகர்ந்து வழியில் எங்காவது இரவைக் கழிப்பது என்று எழுதியிருந்தார்கள். இருவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். கணவர் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் நெடுநாள் ரசிகர். மனைவி எந்த ஆட்டத்துக்குப் போனாலும் மடியில் ஸ்கோர் புத்தகத்தை விரித்துப் பென்சிலால் ஒவ்வொரு வீரரின் ஆட்டத்தையும் குறித்து வைப்பவர். நான் பீனிக்ஸ் புறநகரில் இருப்பதால், சரிபார்த்துத் தரும்படி கேட்டிருந்தார்கள்.

ஆட்டங்களின் தேதி, நேரம், இருக்கை விலை எல்லாம் அதில் இருந்தன. இரவில் வண்டி எங்கே நிற்கும் என்ற பத்தி மட்டும் காலியாக இருந்தது. இந்தப் பயணத்தில் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிற பத்தி அதுதான். டிக்கெட்டை வைத்து, வண்டியை நிறுத்தித் தங்கும் முகாமைத் தேடினால் பயணம் அல்லாடும். முகாமை வைத்து டிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தால் நிம்மதியாக நடக்கும். இந்த ஒரு திட்டம் எப்படித் திருத்தப்பட்டது, பிறகு என்ன நடந்தது என்பதை விரிவாக எழுதுகிறேன். இதே ஆசையுடன் ஆண்டுதோறும் ஏராளமானோர் கிளம்புகிறார்கள்.

எங்கே, எப்போது

மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள் உள்ளன. மார்ச் கடைசியில் சீசன் தொடங்குவதற்கு முன் அவை ஏறத்தாழ ஆறு வாரம் வெயில் தேடித் தெற்கே போய்ப் பயிற்சி எடுக்கின்றன. 15 அணிகள் புளோரிடாவுக்கும் 15 அணிகள் அரிசோனாவுக்கும் செல்கின்றன. பிப்ரவரி நடுவில் பந்து வீசும் பிட்சர்களும் அதைப் பிடிக்கும் கேட்சர்களும் முதலில் வந்து சேர்வார்கள், சில நாள்களில் மற்றவர்கள். பிப்ரவரி முடிவதற்குள் பயிற்சி ஆட்டங்கள் தொடங்கிவிடும். அரிசோனாவில் நடப்பவற்றுக்குக் கள்ளிச்செடியின் பெயரால் காக்டஸ் லீக் என்று பெயர். புளோரிடாவில் நடப்பவற்றுக்கு கிரேப்ஃப்ரூட் லீக்.

காக்டஸ் லீக் 1947-இல் இரண்டே அணிகளோடு பிறந்தது. அப்போது கிளீவ்லாந்து அணியின் உரிமையாளராக இருந்த பில் வீக் தன் அணியை டூசான் நகருக்குக் கொண்டுவந்தார். அதே ஆண்டு நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி (இன்றைய சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ்) பீனிக்ஸுக்கு வந்தது. அன்றைய புளோரிடாவின் நிறவெறியைவிட அரிசோனா மேலாக இருக்கும் என்று வீக் நம்பினார். அந்த ஜூலையில் லாரி டோபியை ஒப்பந்தம் செய்தார். மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர். ஆனால் மறு ஆண்டு டூசானில் அணி தங்கிய ஓட்டலில் டோபிக்கு மட்டும் அறை தரவில்லை. அரிசோனாப் பயிற்சிக் காலத்தின் கதையைச் சொல்லும்போது இந்தப் பகுதியை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

பயணத் திட்டத்துக்கு வருவோம். 2010 வரை டூசானில் சில அணிகள் இருந்தன. 2011-இல் கடைசி இரண்டு அணிகளும் பீனிக்ஸ் பக்கம் வந்துவிட்டன. பழைய வழிகாட்டிகளில் 180 கிலோமீட்டர் தள்ளியுள்ள டூசானுக்கு ஒரு ஓட்டம் கட்டாயம் இருக்கும். இன்று அதற்கு வேலையே இல்லை. பதினைந்து அணிகளும் பத்து மைதானங்களில், ஒரே பெருநகரத்துக்குள் அடங்கிவிட்டன. கிழக்கே மேசாவிலிருந்து மேற்கே சர்ப்ரைஸ் வரை, நெரிசல் இல்லாத நேரத்தில் காரில் ஒரு மணி நேரம் கூட ஆகாது. ஊர் ஊராக நகர்ந்து போவதற்கு இங்கே ஊர்களே இல்லை. தினமும் வண்டியைக் கிளப்பும் திட்டம் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

வண்டியின் கணக்கு

அவர்களுடைய வண்டி 26 அடி நீளமும் 11 அடி உயரமும் கொண்டது. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை, பின்னால் இன்னொன்று, நடுவில் அடுப்பும் மேசையும், ஒரு மூலையில் குளியலறை. லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடும். சான் ஹோசேயிலிருந்து பீனிக்ஸ் ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர். போக மட்டும் 290 லிட்டர் பெட்ரோல். அந்தச் செலவை அவர்கள் மனதார ஏற்றுக்கொண்டிருந்தார்கள். சொந்தப் படுக்கையில் தூங்கி, சொந்த அடுப்பில் காபி போட்டுக் குடிப்பதற்குத்தானே ஆர்.வி.

நகரத்துக்குள் தினமும் அதை ஓட்டுவது வேறு விஷயம். வண்டியை நகர்த்த வேண்டுமானால் ஒவ்வொரு காலையும் தண்ணீர்க் குழாயைக் கழற்ற வேண்டும், மின்வடத்தைச் சுருட்ட வேண்டும், சமையலறை இழுப்பறைகளைப் பூட்ட வேண்டும், மேசை மேல் இருப்பதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும். அப்புறம் மைதானத்தில் எங்கே நிறுத்துவது? கணவரின் மனத்துக்கு நெருக்கமான ஸ்காட்ஸ்டேல் ஸ்டேடியம் பழைய நகரத்தின் நடுவே இருக்கிறது. ரசிகர்கள் அக்கம்பக்கத் தெருக்களிலும் அடுக்குமாடி நிறுத்தங்களிலும் காரை விட்டுவிட்டு நடந்து வருவார்கள். 11 அடி உயர வண்டி எந்த அடுக்குமாடி நிறுத்தத்துக்குள்ளும் நுழையாது. புறநகர் மைதானங்களில் இடம் தாராளம் என்றாலும், ஆர்.வி.க்குத் தனி விதியும் தனிக் கட்டணமும் இருக்கலாம், இரவு தங்குவதற்குப் பெரும்பாலும் அனுமதி கிடையாது. ஆட்டம் முடிந்ததும் அங்கேயே படுத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் எண்ணியிருந்த மூன்று இரவுகள் இப்படிக் கரைந்தன.

தொட்டிகளும் உண்டு. நல்ல தண்ணீருக்கு ஒன்று, பாத்திரம் கழுவிய நீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. இரண்டு பேர் சிக்கனமாக இருந்தால் நான்கைந்து நாள் தாங்கும். அதற்குள் கழிவைக் கொட்டும் வசதியுள்ள இடத்துக்குப் போயே தீர வேண்டும். அந்த வசதி மைதானங்களில் இல்லை, முகாம்களில் இருக்கிறது.

எனவே முதல் திருத்தம்: வண்டி முகாமிலேயே நிற்கட்டும், மைதானத்துக்குச் சிறிய காரில் போகலாம். சொந்தக் காரை வண்டியின் பின்னால் இழுத்து வருபவர்கள் பலர். ஆனால் எல்லாக் கார்களையும் நான்கு சக்கரமும் தரையில் உருள இழுக்க முடியாது. இவர்களுடையதும் அந்த வகை இல்லை. வாடகைக் கார் எடுக்க முடிவு செய்தோம், அதையும் விமான நிலையத்தில் எடுக்காமல் புறநகர்க் கிளை ஒன்றில். விமான நிலையத்தில் கூடுதல் கட்டணங்கள் மேலே மேலே சேரும். இந்த ஊரில் வாடகைக் காருக்குக் கட்டும் வரிக்கு ஒரு சுவையான பின்னணி உண்டு. 2000-இல் பீனிக்ஸ் அடங்கிய மாரிகோபா கவுண்டியின் (மாவட்டத்தின்) வாக்காளர்கள் ஓட்டல் அறைகள் மீதும் வாடகைக் கார்கள் மீதும் ஒரு வரிக்கு ஒப்புதல் தந்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு இந்தப் பயிற்சி மைதானங்களைக் கட்டவும் புதுப்பிக்கவும் போகிறது. கார் எடுத்தவர் ஆட்டத்துக்குப் போகாவிட்டாலும் மைதானத்துக்குப் பங்களித்துவிடுகிறார்.

கிழக்கு, மேற்கு

பத்து மைதானங்களையும் வரைபடத்தில் குறித்தால் சரிபாதியாகப் பிரிகின்றன. கிழக்கே ஐந்து: ஸ்காட்ஸ்டேல் ஸ்டேடியம், மேசாவில் கப்ஸ் அணியின் ஸ்லோன் பார்க், அதே ஊரில் அத்லெடிக்ஸ் ஆடும் ஹோஹோகம், ஏஞ்சல்ஸ் ஆடும் டெம்பி டயாப்லோ, சால்ட் ரிவர் பழங்குடியினரின் நிலத்தில் 2011-இல் திறந்த சால்ட் ரிவர் ஃபீல்ட்ஸ். மேற்கே ஐந்து: பியோரியா, சர்ப்ரைஸ், குட்இயர், மேரிவேலில் புரூவர்ஸ் மைதானம், கேமல்பேக் ரான்ச். இந்தக் கடைசிப் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்; கேமல்பேக் மலை கிழக்கே இருக்கிறது, மைதானம் அங்கிருந்து வெகு தூரம் மேற்கே.

மேற்கில் ஒரு வசதி உண்டு. பியோரியா, சர்ப்ரைஸ், குட்இயர், கேமல்பேக் ரான்ச் ஆகிய நான்கையும் இரண்டிரண்டு அணிகள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு அணி வெளியே போனால் மற்றது சொந்த மைதானத்தில் ஆடும். ஏறக்குறைய எந்த நாளிலும் அந்த வாசலில் ஆட்டம் உண்டு. கிழக்கில் இப்படி உள்ளது சால்ட் ரிவர் ஒன்றுதான். ஸ்காட்ஸ்டேலுக்கோ ஸ்லோன் பார்க்குக்கோ போகிறவர் தேதி பார்த்துப் போக வேண்டும்; மேற்கே போகிறவர் காலையில் எழுந்து முடிவு செய்யலாம்.

ஆகவே இரண்டு முகாம்கள் போதும். மேற்கே ஒயிட் டேங்க் மலைப் பூங்கா. சர்ப்ரைஸ், குட்இயர், கேமல்பேக் ரான்ச் மூன்றும் அங்கிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள். கிழக்கே மேசாவின் ஓரத்தில் உசெரி மலைப் பூங்கா. இரண்டும் கவுண்டிப் பூங்காக்கள். ஒவ்வொரு இடத்திலும் தண்ணீரும் மின்சாரமும் உண்டு, கழிவு கொட்டப் பொது இடம் உண்டு, சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த சகுவாரோ கள்ளிகள். மேசா, அப்பாச்சி ஜங்ஷன் பக்கம் தனியார் ஆர்.வி. பூங்காக்கள் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் கனடாவிலிருந்தும் மின்னசோட்டா போன்ற வட மாநிலங்களிலிருந்தும் குளிருக்குத் தப்பி வரும் முதியவர்கள் அவற்றை மாதக்கணக்கில் எடுத்துத் தங்குகிறார்கள், மார்ச் முடியும் வரை கிளம்புவதில்லை. 55 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்ற விதி வைத்திருப்பவையும் பல. ஓரிரு வாரத்துக்கு வருபவருக்குக் கவுண்டி, மாநிலப் பூங்காக்களே உகந்தவை.

அவற்றிலும் மார்ச் இடங்கள் முன்பதிவு திறந்த சூட்டோடு பறந்துவிடும். பேஸ்பால் டிக்கெட் அப்படியில்லை. ஸ்லோன் பார்க்கில் கப்ஸ் ஆட்டங்களும் வார இறுதியில் ஸ்காட்ஸ்டேலும் நீங்கலாக, ஆட்டத்துக்கு முந்தின நாள்கூட களத்தின் எல்லைக்குப் பின்னாலுள்ள புல்மேட்டில் விரிப்பு போட்டு உட்கார டிக்கெட் கிடைக்கும். அரிதாகக் கிடைப்பதை முதலில் பிடிக்க வேண்டும், எளிதாகக் கிடைப்பது காத்திருக்கும். தம்பதியின் அட்டவணை இதைத் தலைகீழாகச் செய்திருந்தது.

மூன்று தேதிகள்

எந்த முகாம் முதலில்? 2025-இல் இந்தக் கேள்விக்கு மூன்று தேதிகள் பதில் சொல்லின.

மனைவி தன் விருப்பப் பட்டியலின் உச்சியில் எழுதியிருந்தது ஜப்பானிய நட்சத்திர வீரர் ஷோஹெய் ஓதானியை. அவருடைய டாட்ஜர்ஸ் அணி பயிற்சி எடுப்பது மேற்கே, கேமல்பேக் ரான்ச்சில். அந்த ஆண்டு டாட்ஜர்ஸும் கப்ஸும் மார்ச் 18, 19 தேதிகளில் டோக்கியோவில் சீசனின் முதல் ஆட்டங்களை ஆட வேண்டியிருந்தது. எனவே மார்ச் இரண்டாம் வாரத்தில் முக்கிய வீரர்கள் ஜப்பானுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். தம்பதியின் முதல் திட்டத்தில் டாட்ஜர்ஸ் ஆட்டம் அதே இரண்டாம் வாரத்தில் இருந்தது! அதை மார்ச் முதல் வாரத்துக்கு இழுத்தாக வேண்டும். அப்படியானால் மேற்கு முகாம் முதலில்.

இரண்டாவது தேதி மார்ச் 9. அன்று அவான்டேலில் உள்ள பீனிக்ஸ் ரேஸ்வேயில் நாஸ்கார் கார்ப் பந்தயம். பந்தயம் பார்க்க வருபவர்களில் பெரும் கூட்டம் ஆர்.வி.யில் வரும், ரேஸ்வேயைச் சுற்றியுள்ள மேற்குப் பகுதி முகாம்கள் அந்த வார இறுதியில் நிரம்பி வழியும். பேஸ்பால் அட்டவணையை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது. ஆகையால் மார்ச் 7 வெள்ளியன்று மேற்கைக் காலி செய்துவிட வேண்டும்.

மூன்றாவதும் அதே மார்ச் 9 தான்: அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் ஞாயிறு. நவஹோ பழங்குடியினரின் நிலம் நீங்கலாக அரிசோனா இந்த வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. அன்று வரை கலிபோர்னியாவைவிட ஒரு மணி நேரம் முன்னே இருக்கும் அரிசோனா, அன்றிலிருந்து அதே நேரத்துக்கு வந்துவிடும். போகும்போது ஒரு மணி நேரத்தை இழக்கிறார்கள். திரும்பும்போது அது கைக்கு வருவதில்லை. முதல் நாள் நேராக மைதானத்துக்குப் போவோம் என்று வைத்திருந்தால், பகல் ஒரு மணி ஆட்டத்தின் தொடக்கம் இதனாலேயே தவறியிருக்கும்.

முகாம் இடங்களைப் பிடிக்க மனைவிதான் உட்கார்ந்தார். மார்ச் 2 ஞாயிறு முதல் 7 வெள்ளி வரை ஒயிட் டேங்க்கில் ஐந்து இரவுகள் கிடைத்தன. வார நாள்கள் என்பதால் கிடைத்தன. கிழக்கே தொடர்ச்சியாக ஏழு இரவுகள் கிடைக்கவில்லை. ரத்தானவை மீண்டும் பட்டியலில் தோன்றுவதைத் தினம் பார்த்துக்கொண்டே இருந்ததில், டிசம்பரில் மெக்டவல் மலைப் பூங்காவில் மூன்று இரவுகளும் ஜனவரியில் உசெரியில் நான்கு இரவுகளும் அமைந்தன. இரண்டு முகாம்கள் மூன்றாகிவிட்டன. அது பெரிய இழப்பு இல்லை. இரண்டும் அமையாவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருந்தோம். மத்திய அரசின் பாலைநிலங்களில் 14 நாள் வரை இலவசமாக நிறுத்தலாம். தண்ணீரும் மின்சாரமும் இருக்காது, மைதானங்களும் தள்ளிப் போகும்.

எந்த ஆட்டம்

பயிற்சி ஆட்டங்களைச் சீசன் ஆட்டங்களைப் போல எண்ணித் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான். முடிவு எதற்கும் கணக்கில் வராது. ஒன்பது இன்னிங்ஸில் சமநிலை என்றால் சமநிலையாகவே முடிப்பார்கள். மார்ச் தொடக்கத்தில் பெரிய வீரர்கள் இரண்டு மூன்று முறை மட்டை பிடித்துவிட்டு ஐந்தாவது இன்னிங்ஸ் வாக்கில் களத்தை விட்டுப் போய்விடுவார்கள். மாத இறுதி நெருங்க நெருங்க நெடுநேரம் ஆடுவார்கள். சில நாள்களில் ஒரே அணி இரண்டாகப் பிரிந்து இரண்டு ஊர்களில் ஆடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது: மூத்த வீரர்கள் வெளி மைதானத்துக்குப் பயணம் செய்வது குறைவு. ஜயன்ட்ஸைப் பார்க்க வேண்டுமானால் ஸ்காட்ஸ்டேலில் பார்க்க வேண்டும். அவர்கள் குட்இயருக்கு விருந்தாளியாகப் போகும் நாளில் பேருந்தில் வருபவர்களில் பாதிப் பேரை ரசிகர்களுக்கே தெரியாது.

முதல் திட்டத்தில் ஜயன்ட்ஸ் ஆட்டங்கள் ஐந்து, அவற்றில் மூன்று வெளியூர் ஆட்டங்கள். அவற்றை நீக்கினோம். மொத்த ஆட்டங்களை ஒன்பதிலிருந்து ஆறாகக் குறைத்தோம். கணவருக்கு இதில் வருத்தம். காலைப் பயிற்சியைப் பற்றிச் சொன்ன பிறகு சமாதானமானார். பெரிய மைதானத்துக்குப் பின்னால் ஒவ்வொரு அணிக்கும் பல பயிற்சி மைதானங்கள் உண்டு. சில வளாகங்களில் காலையில் ரசிகர்கள் அங்கே இலவசமாகப் போய் வேலியோரம் நிற்கலாம். கேட்சரின் கையுறையில் பந்து விழும் சத்தத்தைப் பத்தடி தூரத்திலிருந்து கேட்பதற்கு ஈடாக எந்த விலையுயர்ந்த இருக்கையையும் நான் சொல்ல மாட்டேன். பயிற்சிக் காலத்தின் சாரம் அந்தக் காலை நேரத்தில்தான் இருக்கிறது.

முகாம் மாறும் நாள்களில் ஆட்டம் வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொண்டோம். பழைய இடத்தை நண்பகலை ஒட்டிக் காலி செய்ய வேண்டும், புதிய இடத்துக்குப் பிற்பகலில்தான் விடுவார்கள், ஆட்டங்களோ பெரும்பாலும் பகல் ஒரு மணியை ஒட்டித் தொடங்குகின்றன. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று மோதும்.

நடந்தது

பிப்ரவரி 27 அன்று புறப்பட்டார்கள். 1,150 கிலோமீட்டருக்கு மூன்று நாள் ஒதுக்கி, மேலே ஒரு நாளைக் கையிருப்பாக வைத்திருந்தோம். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே 4,144 அடி உயரத்தில் டெஹோன் கணவாய், பாம் ஸ்பிரிங்ஸுக்கு முன் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கும் சான் கார்கோனியோ கணவாய் என இரண்டையும் தாண்ட வேண்டும். முதலாவது பனி விழுந்தால் மூடப்படும். இரண்டாவதில் பக்கவாட்டுக் காற்று உயரமான வண்டிகளை ஆட்டி எடுக்கும். அங்கே காற்று பலமாக இருந்ததால் கணவாய்க்கு முன்பே நிறுத்திக் கையிருப்பு நாளைச் செலவழித்தார்கள். மறுநாள் காலையில் அமைதியாகக் கடந்தார்கள். பெட்ரோலை கலிபோர்னியா எல்லைக்குள் தேவைக்கு மட்டும் போட்டுக்கொண்டு, கொலராடோ ஆற்றைத் தாண்டி ஏரன்பர்க்கில் நிரப்பினார்கள். அரிசோனாவில் விலை கணிசமாகக் குறைவு.

மார்ச் 4 செவ்வாய் இரவு கேமல்பேக் ரான்ச்சில் டாட்ஜர்ஸுக்கும் ரெட்ஸுக்கும் ஆட்டம். டிக்கெட் வாங்கியபோது யார் பந்து வீசுவார் என்பது யாருக்கும் தெரியாது. பிட்சர்களின் முறை சில நாள்களுக்கு முன்புதான் வெளியாகும். அன்று யோஷினோபு யமமோட்டோ தொடங்கினார். ஐந்தாவது இன்னிங்ஸில் ரோக்கி சசாகி வந்தார். டாட்ஜர்ஸ் உடையில் அவருடைய முதல் ஆட்டம் அது. மூன்று இன்னிங்ஸ் வீசினார், ரன் எதுவும் கொடுக்காமல் ஐந்து பேரை ஸ்டிரைக் அவுட் ஆக்கினார், அதாவது பந்தை அடிக்க விடாமல் வெளியேற்றினார். மனைவியின் ஸ்கோர் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நான் பார்த்தேன். ஸ்டிரைக் அவுட்டைக் குறிக்கும் ஐந்து கே (K) எழுத்துகள் அழுத்தமாக எழுதப்பட்டிருந்தன. முதல் திட்டத்தின் தேதியைப் பிடித்துக்கொண்டிருந்தால் இந்தப் பக்கமே இருந்திருக்காது.

சர்ப்ரைஸ் ஆட்டத்தில் அதே புத்தகம் அவரைத் திணறடித்தது. ஆறாவது இன்னிங்ஸுக்குப் பிறகு முதுகில் 80, 90 எண்கள் போட்ட இளைஞர்கள் வரிசையாக இறங்கினார்கள், அவர்களில் பலருடைய பெயர் கையிலிருந்த வீரர் பட்டியலில் இல்லை. பயிற்சிக் காலத்தில் ஸ்கோர் எழுதுபவர்கள் ஒவ்வொரு வரிசைக்கும் மூன்று கட்டங்களாவது விட்டு வைக்க வேண்டும். பிறகு அவர் அப்படியே செய்தார்.

கிழக்கே ஸ்காட்ஸ்டேலில் இரண்டு, சால்ட் ரிவரில் ஒன்று, ஹோஹோகமில் ஒன்று. ஸ்லோன் பார்க்கை விட்டுவிட்டார்கள். கப்ஸும் டோக்கியோவுக்குக் கிளம்பும் வாரம், டிக்கெட் விலையும் அதிகம். ஹோஹோகமில் அத்லெடிக்ஸ் ஆட்டத்துக்குக் கூட்டம் குறைவு, இருக்கை மலிவு, காரை நிறுத்திய ஐந்தாவது நிமிடத்தில் உள்ளே இருந்தார்கள். பெயர்பெற்ற மைதானங்களை மட்டும் தேடிப் போகிறவர்கள் இந்த மாதிரி ஒரு பிற்பகலைத் தவறவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. 2023-இல் பந்து வீச நேர வரம்பு வைக்கும் பிட்ச் கிளாக் வந்தபின் ஆட்டம் இரண்டரை மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடுவதால், மாலையில் முகாமுக்குத் திரும்பி வெளிச்சத்திலேயே சமைக்க முடிந்தது.

ஒரு தொல்லை, முதல் ஸ்காட்ஸ்டேல் ஆட்டத்தில் வெயில். மார்ச் பீனிக்ஸில் பகல் வெப்பம் சராசரியாக 26 டிகிரி செல்சியஸ்தான், ஆனால் நிழலற்ற வரிசையில் ஒன்பது இன்னிங்ஸ் உட்கார்வது வேறு. இரண்டாவது ஆட்டத்துக்கு, மட்டை பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், கூரையின் நிழல் விழும் மேல் வரிசைகளில் இடம் மாற்றிக்கொண்டார்கள். விலை கொஞ்சம் கூடியது.

திரும்பும் வழியில், கலிபோர்னியாவுக்குள் நுழையும் ப்ளைத்தில் வேளாண் சோதனைச் சாவடி இருக்கிறது. மார்ச்சில் பீனிக்ஸ் வீடுகளின் பின்புறமெல்லாம் எலுமிச்சையும் ஆரஞ்சும் காய்த்துத் தொங்கும், விருந்தினருக்குப் பை நிறையக் கொடுத்தனுப்புவது இங்கே வழக்கம். சாவடி அதிகாரிகள் அவற்றைப் பறிமுதல் செய்துவிடக்கூடும். சாறு பிழிந்து கொடுத்தனுப்பினோம்.

ஆட்டமே இல்லாமல் போனால்

2020 மார்ச் 12 அன்று பெருந்தொற்றால் பயிற்சி ஆட்டங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. காலையில் டிக்கெட்டோடு புறப்பட்டவர்களுக்கு மாலையில் ஆட்டம் இல்லை. 2022-இல் உரிமையாளர்களுக்கும் வீரர் சங்கத்துக்கும் ஒப்பந்தம் ஏற்படாமல் 99 நாள் கதவடைப்பு. 2021 டிசம்பர் 2-இல் தொடங்கி 2022 மார்ச் 10-இல்தான் முடிந்தது. பிப்ரவரி கடைசியில் தொடங்க வேண்டிய ஆட்டங்கள் மார்ச் 17-க்குத் தள்ளிப்போயின. மார்ச் முதல் பாதியை நம்பி வந்தவர்களுக்கு ஒரு ஆட்டமும் கிடைக்கவில்லை.

இவ்விரண்டு ஆண்டுகளும் டிக்கெட்டை வைத்துப் பின்னிய பயணத்தின் பலவீனத்தைக் காட்டிவிட்டன. ஆட்டம் ரத்தானால் டிக்கெட் பணம் வரும், பெட்ரோலும் முகாம் கட்டணமும் வராது. நல்ல முகாமில் இருப்பவருக்கு மலைப்பாதை இருக்கிறது, பாலைவனப் பூக்கள் இருக்கின்றன. லேக் பிளசன்ட்டில் படகு இருக்கிறது. தம்பதியின் திட்டத்தில் ஆட்டம் இல்லாத நாள்களை வேண்டுமென்றே விட்டு வைத்ததற்கு இதுவும் காரணம். ஒயிட் டேங்க்கில் அருவிப் பாதையில் நடந்து பழங்காலப் பாறைச் செதுக்கல்களைப் பார்த்த நாளை அவர்கள் ஆட்டங்களுக்கு நிகராகப் பேசுகிறார்கள்.

புளோரிடாவுக்கு இந்தத் திட்டத்தை அப்படியே எடுத்துப் போக முடியாது. அங்கே மைதானங்கள் டாம்பாவைச் சுற்றிச் சில, தெற்கே சரசோட்டா, நார்த் போர்ட், ஃபோர்ட் மயர்ஸ் எனச் சில, கிழக்குக் கரையில் ஜூபிட்டர், வெஸ்ட் பாம் பீச், போர்ட் செயின்ட் லூசி எனச் சில. கரை விட்டுக் கரை போகத் தீபகற்பத்தையே குறுக்காகக் கடக்க வேண்டும். அங்கே முகாம் மாறிக்கொண்டே போவதுதான் சரி, மயாக்கா நதிப் பூங்காவும் ஜொனாதன் டிக்கின்சன் பூங்காவும் நல்ல நிறுத்தங்கள். மாநிலப் பூங்காக்களில் புளோரிடாவாசிகள் 11 மாதம் முன்பே பதிவு செய்யலாம், வெளியார் 10 மாதம் முன்புதான். அந்த ஒரு மாதத்துக்குள் மார்ச் வார இறுதிகளில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

தம்பதி 2026-க்கும் அரிசோனாவையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்த ஆண்டு மார்ச் 5 முதல் 17 வரை உலக பேஸ்பால் கிளாசிக். பெரிய வீரர்கள் பலர் பயிற்சி முகாமை விட்டுத் தங்கள் நாட்டு அணிகளுக்குப் போய்விடுவார்கள். அதனால் பிப்ரவரி கடைசி வாரத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். பாலைவன இரவு அப்போது மேலும் குளிராக இருக்கும். தண்ணீர்க் குழாயை இரவில் கழற்றி வைக்கவும், போர்வை ஒன்றைக் கூடுதலாக எடுத்து வரவும் சொல்லியிருக்கிறேன். உசெரியில் ஆறு இரவுகள், இந்த முறை இடைவெளி இல்லாமல், பதிவாகிவிட்டன. டிக்கெட் எதுவும் இன்னும் வாங்கவில்லை.